ஆடி நாலில் மாலத்தீவு

மே 11, ஞாயிறு. சித்திரை 28

சிந்துவின் தேன்நிலவுச் செலவு முழுக்க என்னுடையது என்று இன்று சபையில் சொல்லிவிட்டேன். சபை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மகள் சிந்துஜா, முகூர்த்தப் பட்டு எடுக்க விருதுநகரிலிருந்து வந்திருந்த சம்மந்தியம்மா சரோஜினி, நான். மாப்பிள்ளை தினகர் மெல்போர்னிலிருந்து போனில் இருந்தார்.

"நாங்களே பாத்துக்கிறோம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"ஊட்டி போதும்ப்பா," என்றாள் சிந்து.

எனக்குச் சுருக்கென்றது. தெற்கே பாதி மளிகைக் கடைச் சுவர்களில் சிவகாசி காசிராஜன் அச்சடித்த காலண்டர்தான் தொங்குகிறது. அந்தக் காசிராஜன் மகள் ஊட்டிக்குப் போய் உருளைக்கிழங்குத் தோட்டம் பார்க்க வேண்டுமா?

"மாலத்தீவு," என்றேன். போன வருஷம் எங்கள் காலண்டர் ஆல்பத்தில், அதாவது கடைக்காரர்களுக்குக் காட்டும் மாதிரிப் புத்தகத்தில், அதிகம் விற்ற படம் அது. கடலுக்கு நடுவே மரக்கால் ஊன்றி நிற்கும் வீடு. குடத்துக்குப் பின்னால் குடமாக வரிசை வைத்துத் தண்ணீர் பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படி ஒரு மோகம்.

கல்யாணம் ஆனி 13. மாப்பிள்ளைக்கு ஜூலை முடிய லீவு. சிந்துவுக்கு விசா வர ஆகஸ்ட் ஆகிவிடும். வந்ததும் அவளும் மெல்போர்ன் போய்விடுவாள். ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

மே 13, செவ்வாய். சித்திரை 30

மதுரையில் டிராவல்ஸ் நடத்தும் ஹேமா என்ற பெண்ணிடம் பேசினேன். நல்ல பொறுமைசாலி. "கப்பிளா சார்?" என்று கேட்டாள். "பின்னே, தேன்நிலவுக்கு வேன் பிடிச்சா வருவாங்க?" என்றேன்.

கரையில் இருக்கும் வில்லா ஒரு ரகம், தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லா இன்னொரு ரகம். தண்ணீர் வில்லாவில் தரையில் ஒரு பகுதி கண்ணாடியாம். கட்டிலில் உட்கார்ந்தபடி கீழே மீன் ஓடுவதைப் பார்க்கலாம். விலை சொன்னாள். போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதே விலைதான்.

மே 16, வெள்ளி. வைகாசி 2

பிரஸ்ஸுக்கு அச்சு மை வாங்க மதுரை போன கையோடு எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கும் இருக்கட்டும்.

மே 25, ஞாயிறு. வைகாசி 11

பட்ஜெட் போட நானும் சிந்துவும் உட்கார்ந்தோம். எந்தச் செலவையும் பேப்பர் கணக்குக்கு மாற்றினால்தான் எனக்கு உறைக்கும். நாலு ராத்திரி தண்ணீர் வில்லா என்பது ஒரு லாரி ஆர்ட் பேப்பர். விமான டிக்கெட் இரண்டும் சேர்ந்து அரை லாரி. அதற்கு மேல், மாலே விமான நிலையத்திலிருந்து நம் தீவுக்குப் போக வேண்டும். விசைப்படகும் உண்டு, கடலில் இறங்கும் குட்டி விமானமும் உண்டு. குட்டி விமானத்துக்குப் படகைப் போல மூன்று மடங்கு.

"போட்டுல போயிக்கிறோம்ப்பா," என்றாள்.

"போட்டுல உனக்கு வாந்தி வரும்."

"எனக்கு எப்பப்பா வந்துச்சு?"

"கன்னியாகுமரியில."

"அது நீங்கப்பா."

குட்டி விமானம் என்று எழுதச் சொன்னேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதினாள். என் மனைவி மரகதம் இறந்தபோது சிந்து ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து இந்த வீட்டில் பால் கணக்கு முதல் பேங்க் கணக்கு வரை அவள் கையெழுத்துதான். நான் சத்தம் போடுவேன், அவள் எழுதுவாள்.

அடுத்தது சாப்பாடு. காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்து ஒரு விலை, மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு விலை. காலையில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டால் மதியத்தைத் தள்ளிவிடலாம் என்றாள். என் மகள் கடலுக்கு நடுவில் பட்டினி கிடக்க வேண்டாம், மூன்று வேளைக்கும் போடு என்றேன்.

"உங்களுக்குன்னு எப்பவாச்சும் இப்படிச் செலவழிச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுக்கு? தினமும்தான் மெஷின்ல கடலும் மலையுமா ஓடுதே," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 2, திங்கள். வைகாசி 19

டிக்கெட் போட்டாகிவிட்டது.

ஹேமா மூன்று தேதிகள் சொன்னாள். ஜூலை முதல் வாரம், இரண்டாவது வாரம், இல்லையென்றால் ஜூலை 20. இருபதாம் தேதி என்றால் மழைக்காலத் தள்ளுபடி உண்டு. ஆனால் தேதியை மாற்ற முடியாது, பணமும் திரும்பாது. சிந்து பேங்குக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளையைக் கேட்டால் 'உங்க இஷ்டம் மாமா' என்பார். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, விருந்து என்று பிள்ளைகளுக்கு அலைச்சல். அதெல்லாம் ஓயட்டுமே என்று இருபதாம் தேதியைச் சொன்னேன்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றீங்களா சார்?"

"நான்தாம்மா வீடு," என்றேன்.

தேதியை யாரிடமும் சொல்லப் போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய். வைகாசி 27

அடுத்த வருஷக் காலண்டருக்கு புரூஃப் வந்துவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். முகூர்த்த நாள், கரிநாள், அஷ்டமி, நவமி எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நானே பார்ப்பேன். வேறு யாரையும் நம்புவதில்லை. என் காலண்டரில் இதுவரை ஒரு அமாவாசை இடம் மாறியதில்லை.

ஆடித் தாளில் ஒரு பிரதோஷம் விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் கோர்க்கும் பெண்ணைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "ஆடியில தப்பு விட்டா ஊரே சிரிக்கும்," என்றேன்.

ஜூன் 27, வெள்ளி. ஆனி 13

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாடு பிரமாதம் என்றார்கள்.

ஜூன் 30, திங்கள். ஆனி 16

காலையில் குளியலறைக் கதவைத் தட்டி, "இன்னும் எவ்வளவு நேரம்," என்று கேட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே யாரும் இல்லை. அவள் விருதுநகர் போய் மூன்று நாள் ஆகிறது.

ஜூலை 6, ஞாயிறு. ஆனி 22

மறுவீட்டு விருந்து. சம்மந்தியம்மாவும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது தாம்பாளத்தில் டிக்கெட்டை வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சம்மந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"ஜூலை இருவதா?" விரலை மடக்கி எண்ணினார். "அண்ணாச்சி, அன்னைக்கு ஆடி நாலு."

புதுசாகக் கல்யாணமானவர்களை ஆடியில் பிரித்து வைப்பது எங்கள் பக்கம் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். ஆடி ஒன்று அன்று பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை விருந்தைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். ஆடி நாலில் இரண்டு பேரையும் எப்படித் தேன்நிலவுக்கு அனுப்புவது?

"காலண்டர் அடிக்கிற மனுசன் நீங்க," என்று சம்மந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார்.

"சீசன் நேரம்மா. மறந்துபோச்சு," என்று நானும் சிரித்தேன்.

சிந்து சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் பாயசம் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 7, திங்கள். ஆனி 23

ஹேமாவைக் கூப்பிட்டேன். தேதி மாற்ற முடியவே முடியாது. விமான டிக்கெட்டில் பெயரும் மாற்ற முடியாது. ஆனால் வில்லாவில் யார் தங்கினாலும் தீவுக்காரர்களுக்குக் கவலை இல்லை, பெயரைச் சொன்னால் போதும் என்றாள்.

இதைச் சம்மந்தியம்மாவிடம் போனில் சொன்னேன்.

"எனக்கு இதுல நம்பிக்கை இருக்கோ இல்லையோ அண்ணாச்சி, தெருவுல நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அதுக்காக அம்புட்டுக் காச விடவும் மனசு வரல. ஒண்ணு செய்யுங்க. நீங்களும் பிள்ளையும் போயிட்டு வந்துருங்க. ஆடிக்கு எப்படியும் அவ உங்க வீட்டுலதான இருக்கப் போறா."

"அது நல்லாவாம்மா இருக்கும்?" என்றேன்.

"அதுல என்ன? உங்களுக்கு பாஸ்போர்ட்டு இருக்கா?"

இருக்கிறது என்றேன். போன மாதமே தபாலில் வந்துவிட்டது.

மாப்பிள்ளை போனை வாங்கி, "ஆமா மாமா, நீங்க போயிட்டு வாங்க. நாங்க பெறகு பாத்துக்கிறோம்," என்றார். நல்ல பிள்ளை. குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நானாக ஒன்றும் கேட்கவில்லை. அவர்களாகத்தான் சொன்னார்கள். எனக்கு மட்டும் புதிதாக ஒரு டிக்கெட் போட்டேன். மாப்பிள்ளையின் டிக்கெட்டை ரத்து செய்தாலும் ஒன்றும் வராது என்பதால் ஹேமா அதைத் தொடவில்லை. அது பாட்டுக்குக் கிடக்கிறது.

ஜூலை 9, புதன். ஆனி 25

முழங்கால் வரைக்கும் வரும் கால்சட்டை ஒன்று வாங்கினேன். பூப்போட்டது. கடைக்காரர், "மாப்பிள்ளைக்கா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

ஆடி விருந்து முடிந்தது. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் மோதிரமும் கொடுத்தேன். சாயங்காலம் அவர் மட்டும் கிளம்பினார். காரில் ஏறினார், இறங்கி வந்து சார்ஜரைக் கேட்டார். மறுபடி ஏறினார், இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்.

"மாப்ள, விருதுநகர் முக்கா மணி நேரந்தான்," என்றேன். சிந்து உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் மறுபடி அவள் சத்தம் கேட்கிறது. அடுப்படியில், மாடிப்படியில், குழாயடியில். எனக்கு நிறைவாக இருக்கிறது. பாதி நேரம் போனில்தான் இருக்கிறாள். பரவாயில்லை, இருக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி. ஆடி 2

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தேன்நிலவுக்கென்று அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து போய் எடுத்த புதுப் பெட்டி. மாம்பழம் நறுக்கி எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியில் முதல் வரிசையில் என் பிரஷர் மாத்திரை. பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், என் குளிர்த் தொப்பி, மூட்டு வலித் தைலம். கட்டிலின் மேல் ஒரு மஞ்சள் கவுன் கிடந்தது. அதை மடித்து மறுபடி பீரோவுக்குள் வைத்தாள்.

"அத எடுத்துட்டுப் போகலையா?" என்றேன்.

"அது அவரு எடுத்துக் குடுத்ததுப்பா. அவரு இல்லாம எதுக்கு?"

மாம்பழத் தட்டை மேஜையில் வைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாப்பா? ஆடி நெசமாவே மறந்துபோச்சா?"

"மறந்துபோச்சு."

"சரிப்பா," என்றாள். கொஞ்ச நேரம் பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கள விட்டுட்டுப் போறது எனக்குப் பயமா இருக்குப்பா. உங்களுக்கு இல்லையா?"

"எனக்கென்ன பயம்? பிரஸ் இருக்கு, ஆளுக இருக்காங்க."

"நான் மெல்போர்ன் போகலைன்னு சொல்லிரட்டுமா? ஒரு ரெண்டு வருசம் இங்கயே இருக்கேன். அவருகிட்டப் பேசிக்கிறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

இந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். இத்தனை நாளும் மனசுக்குள் இதுதான் ஓடியது. ஆனால் காதில் விழுந்ததும் அந்த ஆசையே போய்விட்டது. அவள் சும்மா சொல்லவில்லை. நான் 'ம்' என்று சொல்லியிருந்தால் அங்கேயே போனை எடுத்துப் பேசியிருப்பாள். ஏழாம் வகுப்பிலிருந்து அவளுக்கு அதுதான் பழக்கம்.

"பேசாம இரு," என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவள் போன பிறகு இந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று தெரியவில்லை. அதற்காகத் தேன்நிலவுப் பெட்டியில் அவள் என் மாத்திரையை அடுக்க வேண்டுமா? வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 19, சனி. ஆடி 3

மை வாங்கப் போவதாகச் சிந்துவிடம் சொல்லிவிட்டு விருதுநகர் போனேன். மாப்பிள்ளை வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சிந்துவுக்கு ஒண்ணும் இல்லையே மாமா?"

இந்தப் பையனைப் போய் முக்கால் மணி நேரத் தூரத்தில் பிரித்து உட்கார வைத்திருக்கிறோமே என்று இருந்தது.

சம்மந்தியம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருவரிடம் சொன்னது போதும்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நீங்க ஆடிய மறக்கலைன்னு டிக்கெட்டப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பிள்ளை ஊர விட்டே போகப் போறா, இருக்கட்டும்னுதான் உங்களையே போகச் சொன்னேன். எங்கப்பா ஆடிக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி, ஆவணி பாதி ஆகியும் கொண்டாந்து விடல. கேட்டதுக்குக் காரு ரிப்பேருன்னாரு. எங்க வீட்டுல காரே கெடையாது."

சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது இரண்டு பேருக்குமே கண்ணில் தண்ணீர்.

"பிள்ளைக ரெண்டும் போகட்டும்மா," என்றேன். "மாப்பிள்ளை டிக்கெட்டு அப்படியேதான் இருக்கு. தெருவுல கேட்டா என்னையக் கைகாட்டுங்க."

அவர் யோசித்தார். "உங்க காலண்டரு எது வரைக்கும் விக்குது?"

"கேரளா பார்டர் வரைக்கும் போகுது."

"அப்ப கடலுக்கு அங்கிட்டு ஆடி கெடையாதுன்னு சொல்றீங்க."

"நான் சொல்றேன்."

"காலண்டர்காரரே சொல்லிட்டாரு, பெறகு எவ கேப்பா? ஆனா இங்கன இருந்து ஒண்ணாக் கெளம்ப வேணாம். பிள்ளைய நீங்க கூட்டிட்டுப் போங்க, இவன் தனியா வரட்டும். திருவனந்தபுரத்துல போயி சேந்துக்கட்டும்."

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். சிந்துவுக்கு ஏர்போர்ட் வரை தெரியக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, சிந்து குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். என் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு மஞ்சள் கவுனை உள்ளே வைத்தேன். ஒழுங்காக மடிக்க வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு. ஆடி 4

திருநெல்வேலி வரும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் புரோட்டா சாப்பிடுகிறார்.

ஏர்போர்ட் வாசலில் மாப்பிள்ளை எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். சிந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அந்த ஹேமா பொண்ணு என்னமோ குழப்பிட்டா," என்றேன். "என் டிக்கெட்டு ரத்தாகிருச்சாம். மாப்பிள்ளையதுதான் செல்லுமாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் ஊசி போடக் கூட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் பிடித்துக்கொள்வாள். நான் மெல்ல விரலை எடுத்துவிட்டேன்.

"மெல்போர்னுக்கும் போறே," என்றேன். "விசா வந்த அன்னைக்கே டிக்கெட் போடுறோம்."

அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், "மூணு வேளையும் மீனுதான் போடுவாங்களாம். அவளுக்கு முள்ளு எடுக்கத் தெரியாது. நான்தான் எடுத்துக் குடுப்பேன்," என்றேன்.

"நான் எடுத்துக் குடுக்குறேன் மாமா," என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மாப்பிள்ளை காதில் என்னவோ சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனவள் பிறகு திரும்பவில்லை. கல்யாண மேடையில்கூட அவள் முகம் அப்படி இல்லை.

நேரே ஊருக்குத்தான் கிளம்பினேன். ஏர்போர்ட்டுக்குப் பின்னாலேயே கடற்கரை இருப்பதாக டிரைவர் சொன்னார். அவர் டீ குடிக்கட்டும் என்று நிறுத்தச் சொன்னேன். மழைக்காலக் கடல், ஆள் நடமாட்டம் அதிகம் இல்லை. சத்தம் கேட்டு நிமிர்ந்தால் ஒரு விமானம் தலைக்கு மேலே, பக்கத்தில், கடலைப் பார்த்துப் போகிறது. எந்த விமானமோ என்னவோ. கை தானாக மேலே போய்விட்டது. அலை காலில் வந்து அடிக்க, அது மேகத்துக்குள் மறைகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே நின்றேன். அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை.

இப்போதுதான் சிந்து பேசினாள். மாலேயில் இறங்கிவிட்டார்களாம். குட்டி விமானத்துக்குக் காத்திருக்கிறார்களாம்.

"அப்பா, பீச்சுல நின்னு கை ஆட்டுனது நீங்கதான?"

"நான் எதுக்குப் பீச்சுக்குப் போறேன்? உங்கள விட்டதும் நேரா ஊருக்குக் கெளம்பிட்டேன்," என்றேன்.

"சரிப்பா," என்றாள். அப்புறம், "வேட்டி நனைஞ்சிருக்கும். மாத்திக்கோங்க," என்றாள்.